மினி டிராக்டரின் முன்சக்கர ஹப்பை நாமே மாற்றுவது எப்படி

நடவுக்குச் சேறு அடித்து முடித்த ஒரு மாதத்துக்குள் முன்சக்கரம் ஆட ஆரம்பித்தால், பெரும்பாலும் ஹப்புக்குள், அதாவது சக்கரத்தை ஆக்சிலில் தாங்கும் நடுக்கூட்டுக்குள், தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பாதி டயர் மூழ்க நாள் முழுக்க ஓடும் வண்டியில் ஆயில் சீலின் (கிரீஸை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் ரப்பர் வளையம்) உதடு கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், வண்டல் கலந்த தண்ணீர் உள்ளே இறங்கி, கிரீஸை மோர் மாதிரி வெளுக்க வைத்து, பேரிங்கை அரைத்துவிடும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங்கின் வெளி வளையம் ஹப்போடு சேர்ந்து சுற்றாமல் தனியாகச் சுழன்று அந்தக் குழியையே பெரிதாக்கிவிடும். அந்த நிலைக்கு வந்தபின் பேரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, ஹப்பைத்தான் மாற்ற வேண்டும்.

இங்கே நான் சொல்வது டூ வீல் டிரைவ் மினி டிராக்டர்களுக்கு. ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215, விஎஸ்டி சக்தி 180டி மாதிரி முன்னால் சின்ன டயர் போட்டு ஓடும் வண்டிகள். இவற்றின் முன்சக்கரத்தில் பிரேக்கும் இல்லை, இழுவையும் இல்லை, பாரத்தைத் தாங்கி உருள்வது மட்டும்தான் அதன் வேலை. அதனால் ஒரு ஜாக்கி, ஸ்பேனர் செட், சுத்தியல், பஞ்ச், வெர்னியர் இருந்தால் களத்து மேட்டிலேயே செய்துவிடலாம். குபோட்டா பி2441, மஹிந்திரா ஜிவோ 245 போன்ற ஃபோர் வீல் வண்டிகளில் முன் ஹப்புக்குப் பின்னால் கியரும் ஆயிலும் இருக்கும், ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இடைவெளி பார்த்துக் கட்டியிருப்பார்கள். அதை அந்த வண்டியில் கை பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

முதலில் ஆட்டம் உண்மையிலேயே ஹப்பில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளேயும் வெளியேயும் தள்ளி இழுங்கள், அப்படிச் செய்யும்போது இன்னொருவர் உள்பக்கம் உட்கார்ந்து பார்க்கட்டும். சக்கரம் மட்டும் ஆடி ஸ்டப் ஆக்சில் (ஹப் மாட்டியிருக்கும் குட்டைத் தண்டு) அசையாமல் நின்றால் கோளாறு ஹப்பில். ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்து ஆடினால் அது கிங் பின் (ஸ்டப் ஆக்சில் திரும்புவதற்கான அச்சாணி) புஷ், அதற்கு ஹப் மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். அப்புறம் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, ஒரு கையை முன் ஆக்சிலின் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் அம்மியில் அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு கையில் தெரியும், காதுக்குக் கேட்பதற்கு முன்பே தெரியும். ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் கோடு கோடாக வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. ரோட்டில் 4, 5 கிலோமீட்டர் ஓட்டி வந்து இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பதும் நல்ல வழி, ஒன்று மட்டும் சுட்டால் அதுதான்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து வரிசையாகச் சொன்னால்: மூடி, ஸ்பிளிட் பின், கோட்டை மதில் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும் கேசில் நட், நாக்கு வைத்த வாஷர், சின்ன பேரிங், நடுவில் காலி இடம், பெரிய பேரிங், கடைசியாக ஆயில் சீல். இரண்டு பேரிங்கும் டேப்பர் ரோலர், அதாவது உருளைகள் சாய்வாக நிற்கும். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த அமெரிக்கர் ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை வாங்கிய வகை இது. வண்டி நேராகப் போகும்போது பாரம் மேலிருந்து கீழே வருகிறது, வளையும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே பேரிங் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சாய்வு. இரண்டு பேரிங்கையும் எதிரெதிர் சாய்வில் வைத்து ஒரே நட்டால் இறுக்குகிறோம், அதனால் அந்த நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில்தான் ஹப்பின் ஆயுள் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி ஸ்டப் ஆக்சிலில் இருக்கிறது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எங்களுக்கு ஈரோடு மாவட்டம் கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்குவோம். ஒரு பட்டத்தில் இடது முன் ஹப் போய், புது ஹப், புது பேரிங், புது சீல் எல்லாம் போட்டேன். நாற்பது நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே ஆட்டம், பிரித்தால் அதே மோர் நிறக் கிரீஸ். கடையில் தந்த சீல் சரியில்லை என்று நினைத்து, புது சீல் ஒன்று கடைந்து தருவாரா என்று கேட்க, எல்லாவற்றையும் கழற்றி லேத்துக்காரரிடம் எடுத்துப் போனேன். அவர் சீலைக் கையில் வாங்கவே இல்லை. "தம்பி, சீலு கெடக்குதுங்க, மொதல்ல ஆக்சில் மேல நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க" என்றார். பெருவிரல் நகத்தை வைத்து இழுத்தேன், சீல் உட்காரும் இடத்தில் சட்டென்று நகம் மாட்டி நின்றது. பழைய சீலின் உதட்டில் ஒட்டிய மணல், வருடக்கணக்காக ஒரே இடத்தில் உரசி, அங்கே வளையமாக ஒரு பள்ளம் போட்டிருந்தது. கண்ணுக்கு அது வெறும் பளபளப்பான கோடு. எத்தனை புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும்.

அதனால் புது ஹப் வாங்கக் கிளம்புவதற்கு முன்பே பழையதைக் கழற்றி ஸ்டப் ஆக்சிலைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். டீசலில் கழுவித் துடைத்துவிட்டு, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை இழுங்கள். பேரிங் உட்காரும் இரண்டு இடங்களிலும் வெர்னியர் வைத்து, ஒருமுறை மேலும் கீழுமாக, ஒருமுறை குறுக்காக அளவெடுங்கள். பாரம் எப்போதும் அடிப்பக்கம்தான் ஏறும், எனவே தேய்மானமும் அங்கேதான் இருக்கும். இரண்டு அளவும் கண்ணில் படுகிற அளவுக்கு வேறுபட்டால் ஸ்டப் ஆக்சிலையும் மாற்ற வேண்டியதுதான். நீலம் பாய்ந்திருந்தால், அதாவது சூட்டில் கருநீலமாக நிறம் மாறியிருந்தால், யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சீல் இடத்தில் பள்ளம் மட்டும்தான் என்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஒன்றை அதன் மேல் ஏற்றலாம், இல்லையென்றால் ஹப்பில் ஆழம் இருக்கும்பட்சத்தில் சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வைத்தால் உதடு பள்ளம் இல்லாத இடத்தில் பதியும். நான் செய்தது ஸ்லீவ், இன்றுவரை பிரச்சினை இல்லை. தேய்ந்த இடத்தில் வெல்டு ஊற்றிக் கடைந்து தருகிறேன் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள், ஸ்டப் ஆக்சிலுக்கு அதைச் செய்ய வேண்டாம், தண்டு தடிக்கும் மூலையில் விரிசல் விட்டு ரோட்டில் சக்கரத்தோடு முறிந்து விழும்.

சரி, ஸ்டப் ஆக்சில் நன்றாக இருக்கிறது, ஹப்தான் போய்விட்டது. வண்டி பெயரை மட்டும் சொல்லி ஹப் வாங்காதீர்கள். ஒரே மாடலில் இடையிடையே ஆக்சில் மாறியிருக்கும், ஏற்கெனவே யாராவது வேறு வண்டி ஹப்பை மாட்டி விற்றிருப்பார்கள், பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது சகஜம். பழைய ஹப்பைக் கையோடு கொண்டுபோவதுதான் உத்தமம். முடியாவிட்டால் இந்த அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் போல்ட் வட்டம், அதாவது போல்ட் ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். ஆறு போல்ட் என்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் முடிந்தது. ஐந்து போல்ட்டில் எதிரே ஓட்டை இருக்காது, அங்கேதான் பலரும் குத்துமதிப்பாக அளந்து ஏமாறுகிறார்கள். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஓட்டைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்புக்கு அளந்து, அதை 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் வட்டம் 114.3 மி.மீ. அதோடு ஸ்டட்டின் (ஹப்பில் பதித்திருக்கும் வீல் போல்ட்) பருமன், மரை, ரிம் உட்காரும் நடு மேட்டின் விட்டம், ஹப்பின் மொத்த நீளம், இரண்டு பேரிங் குழிகளின் விட்டமும் ஆழமும். நீளமும் குழியின் ஆழமும் மாறினால் சக்கரம் உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ நிற்கும், நட் முழு மரையும் ஏறாது.

பேரிங்கைப் பொறுத்தவரை அதன் மேல் பொறித்திருக்கும் எண்தான் எல்லாம். 30205, 30206 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்குங்கள், உள்விட்டம் வந்துவிடும்: 05 என்றால் 25 மி.மீ., 06 என்றால் 30 மி.மீ. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 30206-ம் 32206-ம் இரண்டுமே உள்ளே 30, வெளியே 62 மி.மீ., கையில் வாங்கினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் முதலாவதன் அகலம் 17.25, இரண்டாவது 21.25. கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் மாட்டும்போது 4 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். எண் அழிந்திருந்தால் மூன்று அளவையும் வெர்னியரில் எடுத்துப் போங்கள். சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் ரப்பரில் அச்சாகியிருக்கும். சேற்று வேலை செய்பவர்கள் இரட்டை உதடு வைத்த சீல் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

புது ஹப்பைக் கடையிலேயே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சீல் உட்காரும் குழியிலும் பேரிங் குழியிலும் ஊசித் துளை, மணல் துளை எதுவும் இருக்கக் கூடாது. ரிம் உட்காரும் முகம் முழுவதும் கடைந்திருக்க வேண்டும். ஒரு விரலில் தொங்கவிட்டுச் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள், மணி மாதிரி நீண்டு ஒலித்தால் எஸ்.ஜி. அயர்ன் வார்ப்பாக இருக்கும், அது அடி தாங்கும். மொட்டையாக 'டொக்' என்றால் சாதா வார்ப்பிரும்பு அல்லது உள்ளே விரிசல். பழையதையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லதுதான், கணிசமாக எடை குறைந்தால் சுவர் மெல்லிசு. ஹப் புதிது, பேரிங் பழையது என்று மட்டும் போடாதீர்கள். கப்பும் (பேரிங்கின் வெளி வளையம்) கோனும் (உருளைகளோடு வரும் உள் வளையம்) ஒன்றாக ஓடிப் பழகியவை, எனவே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில், முடிந்தால் சிமென்ட் தரையில் நிறுத்தி, பின்னால் மாட்டியிருக்கும் ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிட்டு, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இரண்டு பின்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கியை முன் ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள், இன்ஜின் சம்புக்கு (ஆயில் தொட்டிக்கு) அடியில் கொடுத்தால் சம்ப் நசுங்கும். இன்னொன்று, டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு பின்னில் தொட்டில் மாதிரி ஆடுகிற சாதனம், ஒரு பக்கம் தூக்கினால் வண்டி மறுபக்கம் சாயப் பார்க்கும். அதனால் தூக்குவதற்கு முன்பே ஆக்சிலுக்கும் அதற்கு மேலே இருக்கும் தாங்கிக்கும் இடையில் இரு பக்கமும் மர ஆப்பு வைத்து இறுக்கிவிடுங்கள். தூக்கியபின் ஆக்சிலுக்கு அடியில் கனமான மரக்கட்டையைக் கொடுத்து அதன் மேல் இறக்குங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே விடக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஹப்பின் மூடியைச் சுற்றிலும் தட்டி எடுங்கள், ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவுங்கள், நட்டைக் கழற்றுங்கள். ஹப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் வாஷரும் சின்ன பேரிங்கும் கையில் வந்துவிடும், அப்புறம் ஹப் முழுவதும் வரும். வரவில்லை என்றால் பெரிய பேரிங்கின் கோன் ஆக்சிலில் பிடித்துக்கொண்டிருக்கிறது; கொஞ்சம் டீசல் விட்டு, ஹப்பைச் சுற்றிலும் கட்டை வைத்துத் தட்டிப் பொறுமையாக எடுங்கள்.

புது ஹப்பில் கப்புகளை ஏற்றுவதுதான் பலரும் கெடுத்துக்கொள்ளும் இடம். நான் செய்வது இதுதான்: இரண்டு கப்பையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், ஹப்பை மறுநாள் நடு வெயிலில் தகரத்தின் மேல் வைத்துவிடுவேன். 62 மி.மீ. குழி 40 டிகிரி சூடு ஏறினால் ஒரு மி.மீ.-ல் நாற்பதில் ஒரு பங்கு விரியும், கப் தன் பங்குக்குச் சுருங்கியிருக்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் பத்து அடி அடிக்க வேண்டிய இடத்தில் நான்கு தட்டில் உட்கார்ந்துவிடும். கப்பின் சரிவு எந்தப் பக்கம் என்று பாருங்கள், அகன்ற வாய் எப்போதும் அந்தக் கப் இருக்கும் பக்கத்து ஹப் முனையைப் பார்த்து இருக்க வேண்டும், ஹப்பின் நடுவைப் பார்த்து அல்ல. கப்பின் மேல் சுத்தியலை நேராக வைத்து அடிக்காதீர்கள், அது கடினமான எஃகு, சில்லு தெறித்துக் கண்ணில் படும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய கப்பின் வெளிப்பக்கத்தை கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கிக்கொண்டால் அதையே புதியதன் மேல் வைத்து அடிக்கலாம், அடி சமமாக இறங்கும். கப் அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். அதுவரை மந்தமாகக் கேட்டது சட்டென்று கணீரென்று கேட்கும். அதோடு நிறுத்திவிட்டு, கப்புக்கும் அடிப் படிக்கும் நடுவில் மெல்லிய ஃபீலர் தகடு எந்தப் பக்கமாவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் கப் சாய்ந்திருக்கிறது.

கிரீஸுக்கு லித்தியம் அடிப்படையிலான வீல் பேரிங் கிரீஸ் போதும். பழைய கிரீஸோடு கலக்க வேண்டாம், வகை வேறாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இளகி ஒழுகும். உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள், உருளைகளுக்கு நடுவிலிருந்து மறுபக்கம் புழு புழுவாக வெளியே வர வேண்டும். அப்படியே சுற்றிச் சுற்றி முழு வட்டமும் செய்யுங்கள். ஹப்பின் நடுக் காலியிடத்தில் பாதிக்கு மேல் அடைக்காதீர்கள். நிறைய அடைத்தால் நல்லது என்று நினைத்து கிரீஸ் கன் வைத்து அழுத்துபவர்கள் உண்டு, ஓடிச் சூடானதும் அது விரிந்து சீலைத்தான் வெளியே தள்ளும். பெரிய பேரிங்கை உள்ளே வைத்து, சீலை உதட்டின் ஸ்பிரிங் பக்கம் பேரிங்கைப் பார்த்து இருக்குமாறு, மரத்துண்டு வைத்துச் சமமாகத் தட்டி ஏற்றுங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே கிழியும். இந்த வேலை முழுவதும் சாக்கு மேல் வைத்துச் செய்யாமல் கழுவிக் காயவைத்த தட்டில் வைத்துச் செய்யுங்கள், ஒரு சிட்டிகை மண் போதும்.

ஹப்பை ஆக்சிலில் நேராக ஏற்றி, சின்ன பேரிங், நாக்கு வாஷர், நட் என்று மாட்டுங்கள். இப்போது ஹப்பை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் நட்டை இறுக்குங்கள், ஹப் சுற்றக் கொஞ்சம் கனப்பது வரைக்கும். சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் தம் இடத்தில் போய் உட்காராது, இறுகின மாதிரி பொய்யாகக் காட்டும். அப்புறம் நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகும் அளவுக்கு மறுபடி ஏற்றி, பின் ஓட்டைக்கு நேராக வரும் வெட்டில் நிறுத்துங்கள். ஓட்டை நேராக வரவில்லை என்றால் தளர்த்தும் பக்கமாகப் போய்ப் பொருத்துங்கள், இறுக்கும் பக்கமாக வேண்டாம். ஹப்பைப் பிடித்து இழுத்துத் தள்ளினால் மயிரிழை அளவு, ஒரு மி.மீ.-ல் பத்தில் ஒரு பங்கு சுமாருக்கு அசைவு இருக்கலாம். கம்பெனி புத்தகத்தில் அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. அசைவே இல்லாமல் இறுக்கிய பேரிங் சூடேறி, இன்னும் விரிந்து, இன்னும் சூடேறிக் கடைசியில் ஜாம் ஆகிவிடும். ஸ்பிளிட் பின் புதிதாகவே போடுங்கள், பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்காதீர்கள், கம்பி, ஆணி எதுவும் அதற்கு ஈடாகாது.

சக்கரத்தை மாட்டும் முன் ரிம்மும் ஹப்பும் தொடும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துருவும் பெயிண்டும் போக்கிவிடுங்கள். இடையில் பெயிண்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட் தளரும், நட் தளர்ந்தால் ஸ்டட் ஓட்டை முட்டை வடிவமாகும், புது ஹப்பும் வீண். நட்டுகளை எதிரெதிராக, ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள், கடைசி இறுக்கு வண்டியைத் தரையில் இறக்கியபின்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நட் இறுக்கம். 10 மணி நேரம் ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கி, சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பட்டத்திலும் சேறு அடித்து முடித்ததும் நான் இரண்டு பக்க மூடியையும் கழற்றிக் கிரீஸின் நிறத்தைப் பார்க்கிறேன். தேன் நிறமாகவோ அடர் பழுப்பாகவோ இருந்தால் மூடிவிடுவேன். வெளுத்திருந்தால் அன்றே பிரித்துக் கழுவி, சீல் மாற்றிப் புது கிரீஸ் வைத்து, தேதியை மட்கார்டின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிடுவேன்.